ரீஃப் தொட்டியில் நைட்ரேட், பொஸ்பேட்: எந்தப் பில்டரோடு எதைச் சேர்ப்பது?

கொழும்பில் வீட்டுக்குள்ளே ரீஃப் தொட்டியில், அதாவது கடல்நீர்த் தொட்டியில், கோரல் (பவள உயிர்) வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அளவுகள் எல்லாம் 200 லீற்றர் தண்ணீருக்கானவை. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமான தொட்டியும் கீழே ஒரு சிறு சம்ப்பும் (பில்டர்கள் வைக்கும் துணைத் தொட்டி) என்றால், கல்லின் இடத்தைக் கழித்தபின் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். உங்கள் தொட்டி பெரிதோ சிறிதோ, அந்த விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

நல்ல ஸ்கிம்மர் ஒன்று வாங்கிவிட்டேன். இன்னும் ஏன் நைட்ரேட் ஏறுகிறது?

ஸ்கிம்மர் என்பது குமிழிகளால் கழிவை நுரையாக்கி மேலுள்ள கோப்பையில் பிடிக்கும் கருவி. அது நைட்ரேட்டை எடுக்காது. பொஸ்பேட்டையும் எடுக்காது. அது எடுப்பது, அழுகி நைட்ரேட்டாக மாறுவதற்கு முந்திய கரிமக் கழிவை. குமிழியின் மேற்பரப்பில் ஒட்டக்கூடியது மட்டும் கோப்பைக்குள் வரும். ஒட்டாதது தொட்டியிலேயே கிடந்து அமோனியாவாகி, நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாக முடியும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 45% புரதமும் 1% பொஸ்பரசும் உள்ள உலர் உணவில் 1 கிராம் போடுகிறீர்கள். அது முழுதும் தண்ணீரில் கரைந்து முடிந்தால் 200 லீற்றரில் நைட்ரேட் 1.6 பிபிஎம்மும் பொஸ்பேட் 0.15 பிபிஎம்மும் கூடும். பிபிஎம் என்றால் ஒரு லீற்றரில் இத்தனை மில்லிகிராம். ஒரே ஒரு கிராம். கோரலுக்கு நாம் விரும்பும் பொஸ்பேட் முழுவதையும் ஒரு நாள் உணவே தாண்டிவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. நைட்ரஜனுக்கு வெளியேற ஒரு பின்கதவு இருக்கிறது. கல்லின் உள்ளே ஒக்சிசன் எட்டாத துளைகளில் வாழும் பக்டீரியா நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். பொஸ்பேட்டுக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. பஞ்சிலோ, ஸ்கிம்மர் கோப்பையிலோ, வெட்டி எறியும் பாசியிலோ, பொஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு மணலிலோ, வாளியில் வெளியே போகும் தண்ணீரிலோதான் அது வீட்டைவிட்டுப் போக வேண்டும். பழைய தொட்டிகளில் நைட்ரேட் அடங்கிய பிறகும் பொஸ்பேட் அடங்காமல் நிற்பதற்கு முக்கிய காரணம் இதுதான். பில்டர்களைச் சேர்க்கும்போது இதை மனதில் வைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

எந்த அளவில் இருக்க வேண்டும்?

பல வகைக் கோரலும் உள்ள கலப்புத் தொட்டிக்கு நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பொஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். கிளை கிளையாகக் கல்போல் வளரும் குச்சிக் கோரல் மட்டும் வளர்ப்பவர்கள் நைட்ரேட்டை 2 வரை இறக்கலாம். அதற்குக் கீழே போவதில் பெருமை எதுவும் இல்லை. நைட்ரேட் 15, பொஸ்பேட் 0.12 என்று மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் தொட்டி, 0க்கும் 20க்கும் இடையில் ஊஞ்சலாடும் தொட்டியைவிட எவ்வளவோ மேல்.

வாரம் 10% தண்ணீர் மாற்றுகிறேன். அது போதாதா?

வரவு சிறிதாக இருந்தால் போதும். நைட்ரேட் நாளுக்கு 1 பிபிஎம் ஏறுகிறது என்று வையுங்கள். வாரத்துக்கு 7. நீங்கள் எடுப்பது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு. இருப்பு 70 ஆகும்வரை வரவே செலவைவிடக் கூட. அதன்பின் மாற்றுவதற்கு முன் 70, மாற்றிய பின் 63 என்று அங்கேயே நின்றுவிடும். உப்புக்குப் பணம் செலவழித்துக்கொண்டே 70ல் தொட்டி நடத்துவீர்கள். தண்ணீர் மாற்றுவது அரும்பொருட்களை (கோரலுக்குச் சிறு அளவில் வேண்டிய தாதுக்களை) நிரப்பவும், அடியில் படிந்த சேற்றை உறிஞ்சவும் மிக நல்லது. நைட்ரேட்டுக்கு அது மட்டும் என்றால் நடக்காது.

சம்ப்பில் எதற்குப் பின் எதை வைப்பது?

தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் முதலில் பஞ்சில் விழ வேண்டும். பிறகு ஸ்கிம்மர், அதன்பின் பாசி அறை, அதாவது விளக்கு வைத்துப் பாசி வளர்க்கும் அறை. கார்பனும் (கரி மணிகள்) இரும்பு மணலும் உள்ள ரியாக்டர்கள், அதாவது தண்ணீர் ஊடே ஓடும் மூடிய குழாய்கள், தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பும் ரிட்டர்ன் பம்ப்புக்குப் பக்கத்தில்.

பஞ்சை 2, 3 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். ஒரு வாரம் விட்டால் பிடித்த கழிவு அங்கேயே அழுகி, பஞ்சே நைட்ரேட் தொழிற்சாலையாகிவிடும். இந்த வேலைக்கு நேரமில்லாதவர்கள் பஞ்சே வைக்காமல் ஸ்கிம்மரைப் பெரிதாக வைப்பது நல்லது.

ஸ்கிம்மரில் பலர் கோப்பையை மட்டும் கழுவுவார்கள். பார்க்க வேண்டியது கழுத்தை. உள்பக்கம் விரலை விட்டால் வழவழப்பான பழுப்பு நிற எண்ணெய் வளையம் ஒன்று தட்டுப்படும். நுரை ஏறி வரும்போது அந்த வளையத்தில் பட்டுத்தான் உடைந்து கீழே விழுகிறது. 3 நாளுக்கு ஒருமுறை துணியால் துடைத்துவிடுங்கள். பம்ப்பைத் திருகாமலே நுரையின் உயரம் கூடும். துடைத்த கையோடு சில மணி நேரம் நுரை வராமல் இருந்தால் பதற வேண்டாம், கையின் எண்ணெய்தான் காரணம். ஸ்கிம்மர் நிற்கும் அறையில் நீர்மட்டம் மாறக்கூடாது. ஆவியாகும் தண்ணீரைத் தானாக நிரப்பும் மிதவை இல்லாவிட்டால் காலையில் ஒரு நுரை, மாலையில் வேறொரு நுரை வரும்.

புதிதாகத் தொடங்குகிறேன். எதெல்லாம் வேண்டும்?

பஞ்சு, ஸ்கிம்மர், பாசி அறை. இந்த மூன்றோடு 6 மாதம் ஓட்டுங்கள். மூன்றும் மூன்று வேறு கட்டத்தில் பிடிக்கின்றன: பஞ்சு துகளை, ஸ்கிம்மர் கரைந்த கழிவை, பாசி கழிவு உடைந்தபின் எஞ்சும் நைட்ரேட், பொஸ்பேட் உப்பை. ஒன்றின் வாயிலிருந்து மற்றது பறிப்பதில்லை. கார்பன் 50 கிராம் அளவில் வைத்து 3, 4 வாரத்துக்கு ஒருமுறை மாற்றலாம். அது தண்ணீரின் மஞ்சளையும் கோரல்கள் ஒன்றுக்கொன்று வீசும் நஞ்சையும் எடுக்கும். நைட்ரேட், பொஸ்பேட் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

புதிய ஒன்றைச் சேர்த்தால் அடுத்ததற்குக் குறைந்தது 3 வாரம் பொறுங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று சாமான் பூட்டினால், கோரல் வெளுக்கும்போது எதை நிறுத்துவது என்று உங்களுக்கே தெரியாது.

பாசி அறையில் கீட்டோ (கீட்டோமோர்பா என்ற நூல் பாசி) வைத்தேன், இரும்பு மணல் ரியாக்டரும் ஓடுகிறது. கீட்டோ வெளுத்து உடைகிறது. ஏன்?

இரண்டும் ஒரே சோற்றுக்குச் சண்டை பிடிக்கின்றன, இரும்பு மணல் வெல்கிறது. ஜிஎஃப்ஓ எனப்படும் இரும்பு ஒக்சைட் மணல் பொஸ்பேட்டைப் பிடிக்கும், நைட்ரேட்டைப் பிடிக்காது. பொஸ்பேட் இல்லாமல் கீட்டோமோர்பாவால் நைட்ரேட்டையும் எடுக்க முடியாது. வளர்ச்சி நின்ற கீட்டோ உடைந்து, அதுவரை சேர்த்ததைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

மணலை நிறுத்துங்கள், அல்லது பாதியாகக் குறையுங்கள். கீட்டோவைத் தேங்காய் அளவு உருண்டையாக விட்டு மிச்சத்தை எறியுங்கள். தொட்டி விளக்கு அணைந்தபின் அறை விளக்கு 10 முதல் 14 மணி நேரம் எரியட்டும். இரவில் பாசி காபனீரொட்சைட்டை எடுப்பதால் பிஎச் விழுவதும் குறையும். உருண்டை மெதுவாகப் புரளும் அளவுக்கு ஓட்டம் வேண்டும். ஒரே இடத்தில் கிடந்தால் அடிப்பக்கம் இருளில் அழுகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை வெட்டி வெளியே போடுங்கள். வெட்டாத பாசி ஒன்றையும் வெளியேற்றவில்லை, சேமித்துத்தான் வைத்திருக்கிறது.

கோலர்பா என்ற பாசி வேகமாக வளரும், அழகாகவும் இருக்கும். ஆனால் சில வேளை ஓர் இரவில் இனப்பெருக்க அணுக்களைக் கொட்டிவிட்டுச் சாகும். காலையில் தொட்டி பால் ஊற்றியதுபோல் இருக்கும். வீட்டுத் தொட்டிக்குக் கீட்டோவே போதும்.

வினாகிரி ஊற்றும் முறை பற்றிச் சொல்லுங்கள். எந்த வினாகிரி?

பக்டீரியாவுக்குக் கரிம உணவு கொடுத்தால் அது பெருகும். பெருகும்போது நைட்ரேட்டையும் பொஸ்பேட்டையும் உடலில் கட்டிக்கொள்ளும். அந்தப் பக்டீரியாவை ஸ்கிம்மர் நுரையாக வெளியே எடுக்கும். ஸ்கிம்மர் இல்லாமல் இந்த முறையைத் தொடவே வேண்டாம்.

தென்னங்கள்ளு வினாகிரி கறிக்கு நல்லது, தொட்டிக்கு ஆகாது. அது நொதித்து வந்தது. அசற்றிக் அமிலத்தோடு வேறு பலவும் அதில் கிடக்கும். கடையில் செயற்கை வினாகிரி என்று விற்கும் நிறமற்ற போத்தலை எடுங்கள். லேபிளில் தண்ணீர், அசற்றிக் அமிலம் 4 அல்லது 5% என்பதைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது. வொட்கா பாவிப்பவர்களும் உண்டு. 1 மில்லிலீற்றர் வொட்கா ஏறக்குறைய 8 மில்லிலீற்றர் வினாகிரிக்குச் சமம். சாராயம் பாவிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அதன் நிறமும் மணமும் எதனால் வருகிறதோ அதெல்லாம் தொட்டிக்குள் வரும், வேண்டாம்.

முதல் 3 நாள் நாளுக்கு 1.5 மில்லிலீற்றர். அடுத்த 4 நாள் 3 மில்லிலீற்றர். அதன்பின் வாரத்துக்கு 2 மில்லிலீற்றர் வீதம் மட்டும் கூட்டுங்கள். நைட்ரேட் இறங்கத் தொடங்கும் அளவில் நில்லுங்கள். 15 முதல் 30 மில்லிலீற்றருக்குள் பெரும்பாலும் அது வந்துவிடும். இலக்கை எட்டியதும் பாதியாகக் குறைத்து அங்கேயே வையுங்கள். காலையில், ஓட்டம் வேகமான இடத்தில், முடிந்தால் இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள். அமிலம் என்பதால் இரவில் ஊற்றினால் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும் பிஎச் இன்னும் விழும்.

தண்ணீர் வெண்மையாகக் கலங்கினால் அன்றே நிறுத்துங்கள், காற்றுப் பம்ப்பைப் போடுங்கள். கண்ணாடியிலும் குழாயிலும் வெள்ளைச் சளி படர்ந்தால் அளவு கூடிவிட்டது, மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். வீட்டைவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போகிறீர்களா? ஊற்றும் வேலையைப் பழக்கமில்லாத ஒருவரிடம் விடாதீர்கள். போவதற்கு முன் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவதே பாதுகாப்பு.

நைட்ரேட் 0, பொஸ்பேட் 0.3. வினாகிரியைக் கூட்டலாமா?

கூட்டினால் ஒன்றும் நடக்காது, சளிதான் கூடும். பக்டீரியா ஏறக்குறைய 10 பங்கு நைட்ரேட்டோடு 1 பங்கு பொஸ்பேட்டை எடுக்கும். நைட்ரேட் தீர்ந்ததும் வேலை நின்றுவிடுகிறது. கடலின் மிதவை உயிர்களில் காபன், நைட்ரஜன், பொஸ்பரஸ் 106:16:1 என்ற அணு விகிதத்தில் இருப்பதாக ரெட்பீல்ட் கண்டது இதே கதைதான்.

வினாகிரியை நிறுத்திவிட்டு நைட்ரேட்டைக் கொடுங்கள். தூய சோடியம் நைட்ரேட் 0.27 கிராம் 200 லீற்றரில் 1 பிபிஎம் கூட்டும். நாளுக்கு ஒருமுறை கொடுத்து 5க்குக் கொண்டுவாருங்கள். மிச்சப் பொஸ்பேட்டுக்குக் கொஞ்சம் இரும்பு மணல். நைட்ரேட் கூட்டியே பொஸ்பேட்டைக் குறைப்பது முதலில் கேட்பவருக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும்.

இரும்பு மணலை எவ்வளவு போடுவது? முதல் நாளே 0.5லிருந்து 0.1க்கு இறங்கியது, பிறகு திரும்ப ஏறிவிட்டது.

இரண்டு வேறு விஷயங்கள் நடந்திருக்கின்றன.

இறங்கிய வேகம் ஆபத்தானது. ஒரே நாளில் இவ்வளவு உருவினால் குச்சிக் கோரலின் தோல் அடியிலிருந்து உரியத் தொடங்கும். 30 முதல் 40 கிராமோடு தொடங்குங்கள். ஆர்ஓ தண்ணீரில் (சவ்வில் வடித்த தூய நீர்) கலங்கல் போகும்வரை அலசி, ரியாக்டரில் மேல்மட்ட மணிகள் மட்டும் மெல்லக் கொதிப்பதுபோல் அசையும் ஓட்டத்தில் விடுங்கள். வேகமாகச் சுழன்றால் மணல் அரைபட்டுச் சிவப்புத் தூளாகிக் கோரல் மேல் படியும். நாளுக்கு 0.02, 0.03 பிபிஎம் இறக்கம் போதும்.

திரும்ப ஏறியது உங்கள் கல்லிலிருந்து. சுண்ணாம்புக் கல்லும் மணலும் பொஸ்பேட்டை உறிஞ்சி வைத்திருக்கும். தண்ணீரில் குறைந்ததும் விட்டுக்கொடுக்கும். மாதக்கணக்கில் உயர்ந்திருந்த தொட்டியில் இந்தக் கடன் அடைய வாரங்கள் எடுக்கும். ரியாக்டரின் வாய்க்குழாயில் வெளியே வரும் தண்ணீரைத் தனியாகச் சோதியுங்கள். தொட்டித் தண்ணீரின் அளவே அங்கும் வந்தால் இரும்பு மணல் நிரம்பிவிட்டது, மாற்றுங்கள்.

லந்தனம் குளோரைட் இதைவிட வேகம், மலிவும்கூட. ஆனால் பொஸ்பேட்டோடு சேர்ந்து வெண்தூளாகப் படியும். அதை 5 முதல் 10 மைக்ரோன் பையில் பிடிக்காவிட்டால் மீனின் செவுளில் சிக்கும். டாங் மீன்கள் முதலில் பாதிக்கப்படும். அனுபவம் வரும்வரை தள்ளிவையுங்கள்.

இரண்டும் 0 காட்டுகிறது, ஆனால் தொட்டியின் அடி மணலில் பழுப்புச் சளியும் குமிழிகளும். சுத்தமான தண்ணீரில் எப்படி?

சுத்தம் அல்ல, பட்டினி. போட்டிக்கு எதுவும் வளராத இடத்தில் டைனோஃபிளஜலேட் என்ற நுண்ணுயிர் குடியேறிவிட்டது. விளக்கு எரியும்போது நூல் நூலாகக் குமிழி கட்டும், இரவில் மெலியும், சில வகைகளைத் தின்ற நத்தைகள் சாகும். இரும்பு மணலையும் வினாகிரியையும் நிறுத்துங்கள். நைட்ரேட்டை 5 முதல் 10க்கும் பொஸ்பேட்டை 0.1க்கும் ஏற்றி அங்கே பிடித்து வையுங்கள். நீரில் மிதக்கும் வகையென்றால் யூவி விளக்கு உதவும். தண்ணீர் மாற்றுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். சத்து குறைந்த காலத்தில் காரத்தன்மையையும் 7 முதல் 8 டிகேஎச்சில் வையுங்கள். 10, 11 என்று வைத்தால் கோரல் நுனி கருகும்.

கரண்ட் போனால்?

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அவ்வளவு இல்லாவிட்டாலும் மழைக்காலத்தில் 2, 3 மணி நேரம் போவது புதிதல்ல. முதலில் தேவைப்படுவது பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப். விளக்கும் ஸ்கிம்மரும் பொறுத்திருக்கலாம்.

அதைவிடப் பலர் தவறவிடுவது, கரண்ட் வந்தபின் நடப்பது. மூடிய ரியாக்டருக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால் உள்ளே பக்டீரியா ஒக்சிசனைத் தீர்த்துவிடும். பயோபெலட் (பக்டீரியாவுக்கு உணவாகும் பிளாஸ்டிக் மணிகள்), கந்தக ரியாக்டர் போன்றவற்றில் அழுகிய முட்டை மணம் வரும், அது ஐதரசன் சல்பைட். பம்ப் தானாக எழுந்து அதை அப்படியே தொட்டிக்குள் தள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் குழாயைக் கழற்றி, முதல் ஒன்றிரண்டு லீற்றரை வாளிக்குள் விட்டுவிட்டுப் பூட்டுங்கள். வினாகிரி ஊற்றும் வீட்டில் கரண்ட் போன நாள் அன்றைய அளவை விட்டுவிடுங்கள்.

கொழும்பு வெப்பத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கடல்நீர் 25 பாகையில் லீற்றருக்கு 6.7 மில்லிகிராம் அளவு ஒக்சிசனைப் பிடிக்கும், 30 பாகையில் 6.2 அளவுதான். குறைந்த கையிருப்பில், வெப்பத்தால் மீனும் பக்டீரியாவும் கூடுதலாக மூச்சு விடுகின்றன. குளிர்நாட்டார் எழுதிய வினாகிரி அளவை மேல்மாடி பிளாட்டில் அப்படியே பாவித்தால் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளப்பது இதனால்தான். 26, 27 பாகையில் வைக்கச் சில்லர் இல்லாவிட்டால் வினாகிரியைப் பாதி வேகத்தில் கூட்டுங்கள். மின்விசிறி உதவும், ஆனால் காற்றில் ஈரம் கூடிய நாளில் ஆவியாவது குறைந்து குளிர்ச்சியும் குறையும்.

வெள்ளவத்தைக் கடல் பக்கத்தில்தானே. கடல்நீர் எடுக்கலாமா? இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீரில் உப்புக் கலக்கலாமா?

வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் நகரத்துக் கால்வாய்கள் நேரே கடலில் விழுகின்றன. முகத்துவாரத்தில் களனி கங்கை விழுகிறது. மே முதல் செப்டம்பர் வரையான தென்மேல் பருவப்பெயர்ச்சியில் கரையோர நீர் கலங்கி, உப்பும் குறையும். நைட்ரேட்டைக் குறைக்கப் போய்க் கால்வாய்த் தண்ணீரைச் சுமந்து வருவீர்கள்.

குழாய்த் தண்ணீர் ஆர்ஓ மெம்பரேனையும் (வடிக்கும் சவ்வு) டிஐ ரெசினையும் (மிச்ச உப்பைப் பிடிக்கும் மணிகள்) கடந்து டிடிஎஸ் (கரைந்த பொருளின் அளவு) 0 காட்டிய பின்தான் உப்பு. வரட்சிக் காலத்தில் களனியில் கடல்நீர் மேலேறும். அந்த வாரங்களில் டிஐ ரெசின் வழக்கத்தைவிட விரைவில் தீரும். பிளாட்டில் அழுத்தம் 40 பிஎஸ்ஐக்குக் கீழே என்றால் பூஸ்டர் பம்ப் இல்லாமல் மெம்பரேன் சரியாக வேலை செய்யாது. ஆவியானதை நிரப்புவதும் இதே தண்ணீரால்தான். ஆவியில் தண்ணீர் மட்டும்தான் போகிறது. குழாய்த் தண்ணீரின் பொஸ்பேட்டும் சிலிக்காவும் தொட்டிக்குள்ளேயே சேர்ந்துகொண்டு போகும்.

கல்லைக் கடலிலிருந்து எடுக்கலாமா?

கூடாது. முருகைக்கல் அகழ்வது 1988இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வந்த திருத்தத்தால் தடைசெய்யப்பட்டது. உயிருள்ள கோரலும் பாதுகாக்கப்பட்டதே. துளையுள்ள செரமிக் கல் 20 கிலோ போதும், பக்டீரியா குடியேற 2, 3 மாதம் கொடுங்கள்.

சோதனை அளவுகள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று. எதை நம்புவது?

பொஸ்பேட்டுக்கு நிறம் பார்க்கும் கிட் போதாது, 0.03க்கும் 0.1க்கும் உள்ள நீல வித்தியாசத்தைக் கண் பிடிக்காது. ஹன்னா நிறுவனத்தின் நுண்ணளவு பொஸ்பரஸ் செக்கர் பொஸ்பரசைப் பிபிபியில் (பிபிஎம்மின் ஆயிரத்தில் ஒன்று) காட்டும், அதை 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் பொஸ்பேட் பிபிஎம். 10 காட்டினால் 0.03. கருவியின் பிழையே 5 பிபிபி அளவு இருப்பதால் 3க்கும் 7க்கும் வித்தியாசம் பார்த்து மருந்தை மாற்றாதீர்கள். குப்பியின் வெளிப்பக்கத்தை மென்துணியால் துடையுங்கள், வைக்கும் திசையை ஒன்றாகவே வையுங்கள், தூள் கரைந்தபின் குமிழி போகப் பொறுங்கள். ஒரு விரல் அடையாளம்கூட அளவை ஏற்றிக் காட்டும். புதுத் தொட்டியில் நைட்ரைட் மிச்சமிருந்தால் நைட்ரேட் கிட் பொய்யாக உயர்த்திக் காட்டும்.

வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், உணவு போடுவதற்கு முன் எடுங்கள். மூன்று வாரம் ஒரே பக்கம் போனால் மட்டும் எதையாவது மாற்றுங்கள்.